காலியாகத் திரும்பாத லாரி

யார் கை நீட்டினாலும் நுரையக்கா முதலில் முகர்ந்து பார்க்கிறார். என் கையும் தப்பவில்லை. "மல்லிகைன்னு சோப்பு உறையில போட்டிருப்பான். மல்லிகைக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது" என்றார். உட்காரச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகள், அதுதான் சோப்புப் பட்டறை. இறுகிய பாளத்தைக் கம்பியால் அறுத்துக்கொண்டே பேசுகிறார். பேச்சு எவ்வளவு சூடானாலும் கம்பி கோணுவதில்லை. சோப்புக் காரம் அரித்து அரித்து அவர் விரல்களில் ரேகையே இல்லை. எல்லைப் பாலத்தில் இருக்கும் கைரேகை எந்திரம் அவரை ஓர் ஆளாகவே ஒப்புக்கொள்ளாது. காவலர்கள் முகத்தைப் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள்.

இவருடைய நாடு சின்னது. காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் நாடு முடிந்துவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய நாடு. அங்கே ஒரு மொத்த வியாபாரி இருக்கிறார். அக்காவுக்கு அவர் 'அண்ணன்'. அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இங்கே கிடைக்காத மருந்தை வாங்கிக்கொண்டு பாலத்தில் ஓடிவந்தவர். கணவர் பிழைக்கவில்லை. அண்ணன் உறவு மட்டும் நிலைத்தது.

இரு நாடுகளும் வரியில்லா வணிகத்துக்குக் கையெழுத்திட்ட வாரம், அண்ணன் நேரில் வந்தார். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை.

"தங்கச்சி, அடுத்தவங்க சொல்லி நீ கேக்கக் கூடாது. எங்க ஊர்க் கம்பெனி சோப்பு இனி இங்க வரும். கொண்டுவரப்போறது என் லாரிதான். நான் மாட்டேன்னா இன்னொருத்தன் கொண்டுவருவான்."

அக்கா கம்பியைக் கீழே வைத்தார். "வர்ற லாரி திரும்பிப் போறப்ப என்ன ஏத்திட்டுப் போகும்?"

"காலியாத்தான்."

"அப்ப என் சரக்கை ஏத்திக்குங்க."

"அங்க யாரு வாங்குவா?"

"அதைக் கண்டுபிடிக்கிறதுதானே அண்ணன் வேலை."

அவர் போன பிறகு பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததாக அக்காவே சொன்னார். பளபளக்கும் உறையில் பாதி விலைக்கு வந்த சோப்பு, உள்ளூர்க் கடைகளிலிருந்து அவர் சோப்பை ஓரங்கட்டியது. வேலைக்கு இருந்த பெண்களில் இருவர் வேறு வேலை தேடிப் போனார்கள். அண்ணனோ அலைந்து திரிந்து ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தப் பக்கத்து லாட்ஜுகளுக்குத் தீப்பெட்டி அளவில், லாட்ஜின் பெயர் அச்சிட்ட சோப்பு வேண்டுமாம். பெரிய கம்பெனி அவ்வளவு சின்ன வேலைக்கெல்லாம் இறங்கி வராது.

முதல் சரக்கு பாலத்திலேயே நின்றது. வரிதான் இல்லை, பரிசோதனைச் சான்று வேண்டும் என்றார்கள். அங்கிருந்து வரும் சோப்புக்கு இங்கே யாரும் சான்று கேட்கவில்லை. சுங்கத்தின் தகரக் கிடங்கு வெக்கையில் அக்காவின் சோப்பெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்தது.

அதற்குள் இங்கே கடைக்காரர்கள், "கம்பெனி சோப்பு ஏன் வரலை?" என்று அக்காவையே கேட்கத் தொடங்கினார்கள். விசாரித்தால், அண்ணன் தன் லாரியை அந்தப் பக்கமே நிறுத்திவைத்திருந்தார். அக்கா பாலம் கடந்து போய்ச் சண்டை பிடித்தார்.

"எனக்காக உங்க பிழைப்பைக் கெடுத்துக்கிட்டா நான் நிம்மதியா தூங்குவேனா?"

"உன் பெட்டியை வெயில்ல காயப்போட்டுட்டு என் பெட்டியை மட்டும் உன் ஊருக்குள்ள விடச் சொல்றியா? எனக்கு வெக்கமா இருக்கு தங்கச்சி."

கடைசியில் இருவரும் சேர்ந்து சுங்க அலுவலகப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் தினமும் அவர்களைத் தாண்டித்தான் சாப்பிடப் போக வேண்டியிருந்தது. ஒருவழியாக மாதிரியை வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சான்று வந்தது. புதிதாகக் காய்ச்சிய சரக்கு போனது.

இப்போது பட்டறை ஓடுகிறது. பழையபடி என்று சொல்ல முடியாது. உள்ளூரில் அக்கா சோப்பு கேட்பவர்கள் குறைவு. போன பெண்களில் ஒருத்தி திரும்பி வந்திருக்கிறாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் லாரி வந்து எதிர்க்கடையில் நின்றது. கம்பெனிப் பெட்டிகளைப் பாதி இறக்கி நடைபாதையில் அடுக்கியிருந்தார்கள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அக்கா பட்டறைத் தார்ப்பாயை உருவி இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அந்தப் பெட்டிகளின் மேல் விரித்து, காற்றில் பறக்காதபடி நான்கு மூலைகளிலும் கல் வைத்தார்.