தலைமையாசிரியரின் இருபது குஞ்சுகள்

போளூரிலிருந்து மலையேறி வந்த பேருந்தில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் என்ஜின் சூட்டில் வைத்துக் கொண்டுவந்த அட்டைப்பெட்டியை எங்கள் தலைமையாசிரியர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கியதை இன்றும் என்னால் சிரிக்காமல் நினைக்க முடியாது. பெட்டியின் பக்கங்களில் வட்ட வட்டமாக ஓட்டைகள். உள்ளே, பொரித்து ஒரு நாளே ஆன இருபது கோழிக்குஞ்சுகள். ஜமுனாமரத்தூர் தாண்டி இருந்த உறைவிடப் பள்ளி ஒன்றில் நான் அப்போது ஆசிரியை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு அவர் நடந்துவந்த தோரணையைப் பார்த்தால், கோழி என்ற பிராணியையே இந்த மலைக்கு அவர்தான் முதலில் கொண்டுவருகிறார் என்று தோன்றும். வீட்டுக்கு வீடு கோழி மேய்கிற ஊர் அது.

கோழியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கைபேசியில் பார்த்த காணொளிகள்தான். அவற்றைப் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டு நிறைய எழுதிவைத்திருந்தார். எந்த வாரம் எந்தத் தீவனம், எத்தனையாவது நாள் எந்தச் சொட்டு மருந்து என்று மூன்று நிறத்தில் அட்டவணை வேறு. ஆசிரியர் அறையில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு எங்களுக்கு வகுப்பெடுப்பார். இருபதடி தள்ளி அடுப்படியில் நின்ற சமையல்கார அக்கா நடக்கத் தெரிந்த நாள் முதல் கோழி வளர்த்தவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் சொல்லியிருப்பார். ஆனால் தலைமையாசிரியர் போய் சமையல்காரியிடம் கேட்பதா? கௌரவம் என்ன ஆவது!

அந்த அக்கா பள்ளிக்குப் பின்னால் ஓர் அறையில் மகளோடு தங்கியிருந்தார். முந்தைய கோடையில் வந்த வெள்ளைக்கழிச்சல் நோயில் அவருடைய கோழிகள் எல்லாம் செத்து, ஒரே ஒரு கறுப்புப் பெட்டைதான் மிஞ்சியிருந்தது. சேவல் இல்லாததால், தங்கை ஊரிலிருந்து பன்னிரண்டு முட்டைகளைச் சாமைக்குள் புதைத்து உடையாமல் நடந்தே கொண்டுவந்து, விறகுக் கொட்டகை மூலையில் ஒரு கூடையில் அதை அடைக்கு வைத்திருந்தார். திரும்ப ஒரு கோழிக் கூட்டம் சேர அவருக்கு இருந்த வழி அது ஒன்றுதான். பெட்டி வந்து இறங்கிய அன்று, அடைக்கு வைத்துப் பதினெட்டாவது நாள்.

தலைமையாசிரியருக்கு அந்தக் கொட்டகை வேண்டியிருந்தது.

"இன்னும் மூணே நாளு சார், பொரிச்சிடும். அடையில கீற கோழிய பகல்ல எட்த்து வேற எடத்துல வெச்சா திரும்ப குந்தாது சார்" என்று அக்கா கெஞ்சினார். பொழுது சாயும்வரையாவது விடச் சொன்னார்.

"கோழிக்குப் பகல் இன்னா, ராத்திரி இன்னா? இந்த மூடநம்பிக்கையாலதான் நீங்கல்லாம் இப்படியே கீறீங்க" என்றார் அவர். அறிவியல் பேசுகிறாராம். கூடையை அவரே தூக்கி வெயிலில் வைத்தார்.

கோழி கொத்திவிட்டு ஓடியது. முட்டைகள் இருந்த புது இடத்தை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொட்டகைக்கே திரும்பி வந்து, முட்டை இல்லாத வெறுந்தரையில் இறக்கையை விரித்து உட்கார்ந்தது. அவர் துடைப்பத்தால் விரட்டினார். மறுநாள் அக்கா ஒரு முட்டையை உடைத்துக் காட்டினார். உள்ளே மயிர்கூட முளைத்த குஞ்சு, செத்திருந்தது. மற்றவற்றை உடைக்காமலே முருங்கைக்கு அடியில் புதைத்தார். அந்த ஆளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

தை மாதத்து மலைக் குளிருக்கு ஒரு குண்டு பல்பை நம்பியிருந்தார் நம் நிபுணர். மூன்றாம் நாள் மாலை காற்றில் மின்சாரம் போனது. காணொளியில் வந்தவருக்கு மின்சாரம் போகவில்லை போலிருக்கிறது, நோட்டில் அதற்கு வழி எதுவும் இல்லை. விடிந்தபோது எட்டு குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. மிச்சத்தைத் துண்டில் சுருட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, உங்க கோழி இன்னும் அடையிலதான கீது?" என்று கேட்டார். அத்தனை நாளில் அக்காவை அவர் மரியாதையாக 'உங்க' என்றது அன்றுதான்.

அக்கா குஞ்சுகளை வாங்கி அடுப்போரம் வைத்துக் காப்பாற்றினார். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கோழியின் இறக்கைக்குக் கீழே நுழைத்தார். அது கொக்கரிக்காமல் ஏற்றுக்கொண்டது. எனக்குத்தான் தாங்கவில்லை. "அந்த ஆளுக்குப் போய் ஏன்க்கா?" என்றேன். "குஞ்சு இன்னா பண்ணுச்சு டீச்சர்?" என்றார்.

பன்னிரண்டும் பிழைத்தன. பெற்றோர் கூட்டத்தில் அட்டவணையை விரித்து, தன் 'முறை'யால் வளர்ந்த கோழிகள் என்று அவர் அரை மணி நேரம் பேசினார். கறுப்புக் கோழியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோடையில் அவருக்குச் செங்கம் பக்கம் மாறுதல் வந்தது. வண்டியில் கோழிகளை ஏற்றியவர், தாயையும் பிடித்துக் கூடையில் போட்டார். "சேர்ந்தே பழகிட்ச்சு, பிரிச்சா பாவம்" என்றார். பாவ புண்ணியம் பேச வந்துவிட்டார்! அக்கா கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூடையின் வாயைத் துணி போட்டுக் கட்டியாயிற்று, வண்டி இறங்கிப் போனது. என் மாறுதல் விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட்டு அப்போது இரண்டு நாள் ஆகியிருந்தது.

இப்போது எனக்குப் போளூரில் வீடு, பின்னால் கொஞ்சம் இடம். முதல் தடவையாகக் கோழி அடைக்கு வைக்கலாம் என்று ஆசை வந்து, போன மாதம் மலைக்குப் போய் அக்காவிடம் கேட்டேன். உமி எவ்வளவு பரப்புவது, குஞ்சுக்கு முதல் நாள் என்ன கொடுப்பது என்று பொறுமையாகச் சொன்னார். டீயும் போட்டுக் கொடுத்தார். அவர் வாசலில் அப்போதும் கோழி இல்லை. கிளம்பும்போது நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். "எப்பேர்ப்பட்ட அல்ப மனுஷன்க்கா அந்த ஆளு. கோழியக்கூட விடாம கட்டி எட்த்துக்னு போனாரே."

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"அவரு எங்க டீச்சர் கட்னாரு? அவருக்கு முடிச்சு போடத் தெரியல. நீங்கதான கட்னீங்க."