கயிற்று சைக்கிளுக்கு பெல்ட் மாட்டுகிறவள்

எங்கள் மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒரு ராட்டினம் சுற்றி முடித்த மாதிரிதான் இருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகள் அப்படி. அடிவாரத்தில் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்காது. முகத்தைக் கழுவி, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகுதான் பேச்சே வரும். அப்படிப்பட்டவர்களுக்காக வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே மேட்டில் ஒரு விளையாட்டு பார்க் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், இதில் யார் ஏறப்போகிறார்கள் என்று முதலில் கவலைப்பட்டவள் நான்தான். எனக்கும் அதற்கும் அப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் பட்டேன். என் சுபாவம் அது.

பார்க் திறந்த வாரத்திலேயே அங்கே எனக்கு வேலை கிடைத்தது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், மரவள்ளிக் காட்டைத் தவிர வேறு வேலை பார்க்காதவள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சிரித்துவிட்டு, அட்டை தொலைந்துபோனால் என்ன செய்வது என்றும் யோசித்திருப்பேன்.

கொலம்பஸ் என்று கப்பல் மாதிரி ஆடுகிற ஊஞ்சல் ஒன்று, ஒரு ராட்டினம், பிள்ளைகளுக்கு ரயில். எனக்குக் கொடுத்தது கயிற்று சைக்கிள். இரண்டு இரும்புக் கோபுரத்துக்கு நடுவே கம்பிக் கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். அதன்மேல் சைக்கிள். ஏறுகிறவர் மிதித்துக்கொண்டே பள்ளத்துக்கு மேலாக எதிர்க் கோபுரத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். இடுப்பிலும் தொடையிலும் பெல்ட் போட்டு, அதைத் தலைக்கு மேலே போகிற இன்னொரு கயிற்றில் கொக்கி போட்டு மாட்டிவிடுவோம். விழ முடியாது. எனக்குப் பயிற்சி கொடுத்தவர் அதைப் பலமுறை சொன்னார். நானும் பலமுறை கேட்டேன்.

அந்த வேலை எனக்கு எதற்காக முக்கியம் என்றால், எங்க ஊட்டுக்காரருக்காக. வருஷா வருஷம் அவர் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவார். போனால் பல மாசம். நான் இங்கே போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "உனக்கு அந்த வேல நெலச்சுதுன்னா நான் போகல புள்ள" என்று அவர் சொல்லியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை லாரி கிளம்புகிறது. அதற்குள் தெரிய வேண்டும்.

நிலைக்கிற மாதிரி தெரியவில்லை.

காரணம் என் முகம். எங்கள் பக்கம் மிளகு பறிக்க ஒற்றை மூங்கிலில் கால் வைத்து, கொடி படர்ந்த உயரமான மரத்தில் ஏறுவார்கள். மேலே ஆள் இருக்கும்போது கீழே நிற்கிறவர்கள் வாயைத் திறக்க மாட்டோம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கால் தவறும். அதனால் ஊட்டுக்காரர் மரத்தில் இருக்கும்வரை மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து நின்றே பழகியவள் நான். பெல்ட்டை மாட்டி ஒருவரைக் கயிற்றில் அனுப்பியதும் என் கை தானாக நெஞ்சுக்குப் போய்விடும். வரிசையில் நிற்கிறவர்கள் அதைப் பார்ப்பார்கள்.

போதாததற்கு எங்கள் ஆட்கள். காட்டு வேலை முடிந்து சாயங்காலம் வேடிக்கை பார்க்க வருவார்கள். யாரும் ஏற மாட்டார்கள். கோபுரத்துக்குக் கீழே கும்பலாக நின்று, கயிற்றில் போகிறவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் நிற்பார்கள். மரியாதைதான் அது. சேலத்திலிருந்து வந்த ஒரு அம்மா என் காதோடு கேட்டார்: "ஏனுங்க, இங்க ஏதாச்சும் ஆகிப்போச்சுங்களா?"

மூன்றாவது காரணம் என் கேள்விகள். ஏறுகிறவரிடம் என்னால் கேட்காமல் இருக்க முடியாது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு, தல சுத்துதா, பிரஷர் மாத்திர போட்டீங்களா, மாசமா இருக்கீங்களா. கேள்விகள் வந்த வேகத்தில் ஒரு மீசைக்காரரிடமும் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

அவர் தொப்பையைத் தடவிக்கொண்டு, "ஆமாங்க, ஏழு மாசம்" என்றார்.

வரிசையே சிரித்தது. ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற பெண் என் கேள்விகள் காதில் விழுந்து பயந்து இறங்கிப் போய்விட்டாள். அவளோடு வந்த மூன்று பேரும் போனார்கள். டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் ராசிபுரத்துப் பக்கத்துப் பையன். கத்திப் பேச மாட்டார். அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, கேக்க வேண்டியதெல்லாம் கீழ போர்டுல இருக்குது. டிக்கெட் குடுக்கறவரு கேட்டுட்டுத்தான் அனுப்பறாரு. நீங்க பெல்ட்ட மாட்டுங்க, சிரிங்க. அது போதும்."

"சரிங்க தம்பி."

"கொலம்பஸ்ல கூட்டம் தாங்கல. நம்முளுதுல ஏறுனவங்களே எறங்கிப் போறாங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன். அப்பறம் எனக்கும் மேல பதில் சொல்லணுமில்லீங்களா?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "எதுக்கும் துணிமணிய எல்லாம் பையில எடுத்து வெச்சுக்கங்க" என்று ஊட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவர் தலையை ஆட்டினார்.

அன்றைக்கு நல்ல கூட்டம். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெல்ட்டை மாட்டினேன், இழுத்துப் பார்த்தேன், சிரித்தேன். ஆட்கள் போனார்கள், வந்தார்கள். "உங்க ரோட்டுக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க" என்றார் ஒருவர். ஒரு புதுப் பெண் போகும்போது அழுதாள். வந்ததும் மறுபடி போகணும் என்று புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்குக்கூட ஒரு நம்பிக்கை வந்தது.

மத்தியானத்துக்கு மேல் அடிவாரத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்தது. தோட்டம் வைத்துப் பயிர் செய்கிறவர்கள். மகனுக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். அவனுடைய அம்மா, ஐம்பது தாண்டியவர், அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

"நான் போறேன்."

"உனக்கெதுக்கும்மா இதெல்லாம்?"

"ஏன்? உங்கப்பனுக்குக் காலு முறிஞ்சப்ப டிராக்டர ஓட்டுனது நீயா, நானா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகன் வழி விட்டான்.

சேலை பெடலில் சிக்காமல் கொசுவத்தைச் சேர்த்து ஊக்கு குத்தினேன். ஊக்கு நான் வீட்டிலிருந்து கொண்டுபோவது. பெல்ட்டை மாட்டினேன். எத்தனை கேள்வி வந்தது தெரியுமா? எல்லாவற்றையும் முழுங்கிவிட்டுச் சிரித்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"பல்லு வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்கம்மா. போலாங்களா?"

போனார். நன்றாகத்தான் மிதித்தார். பாதிக் கயிற்றில், பள்ளம் ஆழமாகத் தெரிகிற இடத்தில், கால் நின்றுவிட்டது. கைப்பிடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

உடனே இந்தப் பக்கமிருந்து ஒரே கூச்சல். "மிதிம்மா!" "கீழ பாக்காதீங்க அத்தே!" "அம்மா, ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்பும்மா, போட்டோ!" வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்ததிலிருந்து எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டிருந்த ஒரு பையன் விசில் அடித்தான்.

என்னால் தாங்க முடியவில்லை. "கூப்புடாதீங்க! ஆரும் கூப்புடாதீங்க!" என்று நானே கத்திவிட்டேன்.

எல்லாரும் வாயை மூடினார்கள். கீழே எங்கள் ஆட்கள் எப்போதும்போல் நின்றார்கள். கொலம்பஸ்கூட அந்த நேரம் பார்த்து ஆள் ஏற்ற நின்றிருந்தது. காற்றில் கம்பி உரசுகிற சத்தம் மட்டும்தான். அப்பாடா, இனி அவர் தைரியமாகிவிடுவார் என்று நான் நினைத்தேன்.

"ஏன் எல்லாரும் வாய மூடிட்டீங்க?" என்று கயிற்றிலிருந்து குரல் வந்தது. நடுங்கிய குரல். "என்ன ஆச்சு? கவுறு அந்துபோச்சா? ஆராச்சும் பேசுங்களேன்!"

எங்களுக்கு எது துணையோ அதுவே அவருக்கு எமனாக இருந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார். சைக்கிளின் பின்னால் கட்டியிருக்கிற கயிற்றைப் பிடித்து இழுத்து அவரைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். இழுத்ததும் சைக்கிள் ஆடியது. "இழுக்காதீங்க சாமி, இழுக்காதீங்க!" என்று அந்த அம்மா அலறினார். சூப்பர்வைசர் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? மேலே இருக்கிற ஆளிடம் வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதைப் பேசுவது?

வாயில் இருந்ததுதான் வந்தது.

"அம்மா, காத்தால என்னங்க சாப்ட்டீங்க?"

"இட்லி" என்றார்.

"எத்தன மணிக்குங்க?"

"அதெங்க இருக்குது? எல்லாம் வளைவுலயே வெளிய வந்துருச்சு."

"அப்பறம் ஒண்ணுமே சாப்புடலீங்களா?"

"ஒரு டீ குடிச்சேன்."

"பிரஷர் மாத்திர?"

"வேன்ல பையில கெடக்குது. மறந்துட்டேன்."

"மறக்கலாமுங்களா? ஊட்டுல எரும கிரும இருக்குதுங்களா?"

"ரெண்டு நிக்குது."

"இன்னைக்கு ஆருங்க பாலு கறக்கறது?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் தலை நிமிர்ந்தது. "அவுருதான்! ஒண்ணு மட்டும் அவுரக் கண்டா ஒதைக்கும் கண்ணு! நான் அப்பவே சொன்னேன், பக்கத்துத் தோட்டத்துப் புள்ளையக் கூப்புட்டுக்கங்கன்னு. கேட்டாத்தானே?"

"கேக்க மாட்டாங்க."

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்க!" அந்த ஆத்திரத்தில் அவர் கால் பெடலை ஒரு மிதி மிதித்தது. சைக்கிள் நகர்ந்தது. நான் விடவில்லை. தண்ணித் தொட்டி நிரப்பி வைத்தாரா, மோட்டார் ரூமைப் பூட்டினாரா, நாய்க்குச் சோறு வைத்தாரா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு, திட்டிக்கொண்டு, மிதித்துக்கொண்டு போனார். அவரும் என்னைப் போலக் கவலைக்காரிதான். எங்கள் இரண்டு பேருக்கும் பேச எவ்வளவோ இருந்தது. எதிர்க் கோபுரத்தில் நிற்கிற எங்கள் ஆள் அவரைப் பிடித்து இறக்கியபோது இந்தப் பக்கம் எல்லாரும் கை தட்டினார்கள்.

அங்கிருந்து அவர் கத்தினார்: "ஏங் கண்ணு! கேஸ் சிலிண்டர மூடுனனான்னு மட்டும் நீ கேக்கவே இல்ல! இப்ப எனக்கு அந்த ரோசன வந்துருச்சு!"

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி கேட்கக் கூடாது என்று சொன்ன வேலையில், கோபுரத்தின்மேல் நின்று பார்க் முழுக்கக் கேட்கும்படி கேள்வி கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னால், பார்க்குக்கு வந்தவர்களை அதட்டியும் இருக்கிறேன். சூப்பர்வைசர் ஓரமாக நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது அந்த விசில் பையன். "அக்கா, நான் போறப்பவும் இதே மாதிரி பேசோணும்" என்றான். பின்னால் நின்ற அவன் கூட்டாளிகள், "அக்கா, அவன் எத்தன அரியர் வெச்சிருக்கான்னு கேளுங்க!" என்றார்கள்.

சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். பையனை அனுப்பிவிட்டு, "சாப்ட்டயா சாமி?" என்று ஆரம்பித்தேன். பதில் இல்லை. "ஆருகூட வந்தே?" பதில் இல்லை. பாதிக் கயிற்றில் அவன் பின்கழுத்து விறைத்து நின்றது. மிளகு பறிக்க ஏறுகிறவர்களுக்கு அப்படி நிற்கும், நான் பார்த்திருக்கிறேன். வாயை மூடினேன். பின்னால் திரும்பி, கூட்டாளிகளையும் பேச வேண்டாம் என்று கை காட்டினேன்.

"ஏனக்கா நிறுத்திட்டீங்க?" என்றார் சூப்பர்வைசர் மெதுவாக.

"இவுனுக்கு வேண்டாங்க தம்பி."

பையன் போய்ச் சேர்ந்தான். திரும்பி வந்து பெல்ட்டைக் கழற்றும்போது அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. "தேங்க்ஸ்க்கா" என்றான். கூட்டாளிகளிடம் என்னவோ பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனான்.

சாயங்காலம்வரை வரிசை குறையவில்லை. சிலர் ஏறும்போதே, "எங்கிட்டப் பேசுங்க" என்றார்கள். சிலரைப் பார்த்தே, பேச வேண்டாம் என்று விட்டேன். இரண்டு மூன்று பேரிடம் தப்பாகவும் கணித்தேன். அவர்கள் கயிற்றிலிருந்தே, "பேசுங்க" என்றோ "சும்மா இருங்க" என்றோ கத்தினார்கள். அதுவும் நல்லதுதான்.

மூடுகிற நேரத்தில் ஹெல்மெட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்தார். என் கை நின்றுவிட்டது.

"அக்கா, நாளைக்கு மொத பஸ்ஸுக்கே வந்துருவீங்களா?"

"நாளைக்குங்களா?"

"நாளைக்கு, நாளான்னைக்கு, எல்லா நாளைக்குந்தான். ஒண்ணே ஒண்ணுக்கா. பெல்ட்டு மாட்டறப்ப ஒண்ணும் கேக்காதீங்க. கேக்கறதெல்லாம் ஆளு கவுத்து மேல போனதுக்கப்பறம் கேளுங்க. அப்ப ஆரும் எறங்கிப் போக முடியாது."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நான்தான் சிரித்தேன்.

டிக்கெட் கொட்டகைக்குப் பின்னால் ஒரு இடத்தில்தான் டவர் கிடைக்கும். அங்கே போய் ஊட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"வேல நெலச்சுருச்சுங்க. பையில வெச்ச துணிய எல்லாம் எடுத்து வெளிய வெய்யுங்க."

"எந்தப் பை?"

"கேரளாவுக்குப் போற பைதான். காத்தால எடுத்து வெக்கச் சொன்னனே?"

"அது பரண்லயே கெடக்குது புள்ள. நான் எங்க எடுத்தேன்? லாரிக்காரங்கிட்ட வரலன்னு உனக்கு வேல கெடச்ச அன்னைக்கே சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அத எங்கிட்டச் சொல்றதுக்கென்னங்க? சொல்லியிருந்தா நான் இந்த வாரம் பூரா இத்தன கவலப்பட்டிருப்பனா?"

"பட்டிருப்பே" என்றார்.