கை தூக்காத கூட்டம்

இலங்கையில் யுத்த நிறுத்தம் இருந்த காலம், இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு வாக்கில் நடந்தது இது. கஹவத்தைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் அப்போது தொண்டர் ஆசிரியை. தமிழ், சிங்களம், கொஞ்சம் இங்கிலீஷ் மூன்றும் பேசுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதற்கு முந்தைய வறட்சியில், மலையிலிருந்து பீலியில் வழியும் தண்ணீருக்காக எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்களும் கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்களும் அடித்துக்கொண்டார்கள். என் அண்ணனுக்குக் கை முறிந்தது. பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு சமாதானக் குழு அமைத்தோம். அதற்கு உதவ இங்கிலாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா வந்தார். அவர் குவேக்கர். கிறிஸ்தவர்கள்தான், ஆனால் பூசாரியும் இல்லை, பிரசங்கமும் இல்லை. எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், மனம் உந்தினால் யாராவது எழுந்து பேசுவார்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் தொடமாட்டார்களாம். பெல்ஜியத்தில் ஓர் அலுவலகம் வைத்துக்கொண்டு, ஐரோப்பிய பாராளுமன்றத்து ஆட்களிடம் ஆயுத விற்பனை, அகதிகள் என்று விடாமல் பேசுகிறவர்கள்.

அங்கே ஒரு கூட்டம் நடக்கப் போகிறது, சண்டை போட்டு ஒன்றாகிய இடங்களிலிருந்து இடத்துக்கு ஒருவர் வந்து பேச வேண்டும், உங்கள் குழுவிலிருந்தும் ஒருவர் வரலாம் என்றார் வெள்ளைக்காரம்மா. எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. நான்தான் போக வேண்டும், வேறு யார்?

ஆனால் எல்லோருடைய பார்வையும் கிராமத்துப் பாலர் வகுப்பில் படிப்பிக்கும் சிங்களப் பெண் மேல் இருந்தது. அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். நீளக் கூந்தல், வாய் நிறையச் சிரிப்பு. அவள் சொல்லும் வேடிக்கைக்கு வெள்ளைக்காரம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். அதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்தவள் நான், பெயர் வாங்கியவள் அவள். இத்தனைக்கும் என் அண்ணனை அடித்தவர்களில் அவளுடைய அண்ணனும் ஒருவன்.

தோட்டத்தில் எந்தக் காரியமும் கை தூக்கித்தான் முடிவாகும். யூனியன் தலைவர் தெரிவிலிருந்து திருவிழாக் கமிட்டி வரை அப்படித்தான். அதனால் முடிவெடுக்கும் நாளில் எங்கள் லயத்திலிருந்து சொந்தக்காரர்களை ஒரு பட்டாளமாகத் திரட்டிக்கொண்டு போனேன். என் பெயர் வந்ததும் கை தூக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

வெள்ளைக்காரம்மா எழுந்து, எங்களிடம் வாக்கெடுப்புக் கிடையாது, எல்லோர் மனதும் ஒத்துவரும்வரை அமைதியாக இருப்போம், ஒருவர் மனம் ஒப்பாவிட்டாலும் காரியத்தைத் தள்ளிப்போடுவோம் என்றார். அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவளும் நான்தான். கை தூக்க வந்த சித்தப்பா என்னைப் பார்த்து முழித்தார்.

பிறகு ஒரே அமைதி. யாரோ இருமினார்கள். நான் அவளை ஓரக்கண்ணால் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன். அப்போது எழுந்தது யார் தெரியுமா? நான் கூட்டிக்கொண்டு போன என் அண்ணி.

“நான் ஒண்ணு சொல்றேங்க. எங்க நாத்தனா போனா, எங்கள அடிச்சாங்கன்னு சொல்லும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இந்தப் புள்ள போனா, எங்க அண்ணனும் சேந்துதான் அடிச்சாருன்னு சொல்லணும். எங்க வீட்டுக்காரர் கைக்கு அந்த வார்த்தை போதுங்க. அப்புடிச் சொல்லுமான்னு அதுக்கிட்ட கேளு.”

கடைசியாகச் சொன்னது என்னிடம். கேட்டேன். வேறு வழி? சிங்களத்தில் ஒரு சொல்லும் குறைக்காமல் கேட்டேன். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. கிராமத்து ஆட்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “கியன்னங்,” என்றாள். சொல்கிறேன் என்று அர்த்தம்.

யாருக்காவது மனம் ஒப்பவில்லையா என்று வெள்ளைக்காரம்மா கேட்டபோது கூட்டமே என் பக்கம் திரும்பியது. எனக்கு ஒப்பவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பயணம் நின்றுவிடும். நாக்கு நுனிவரை வந்தது. அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குச் சம்மதம். ஆனா ரொம்பப் பொறாமையா இருக்கு. அதையும் எழுதிக்கோங்க,” என்றேன்.

குவேக்கர்கள் முடிவை அங்கேயே எழுதி, எல்லோர் முன்னும் வாசித்து, சரிதானா என்று கேட்பார்கள். வெள்ளைக்காரம்மா சிரிக்காமல் என் பொறாமையையும் எழுதி வாசித்தார். அதை இரண்டு மொழியிலும் நானே சொன்னேன். முதலில் சிரித்தவர் அண்ணிதான்.

அவள் போய் வந்தாள். பெரிய பெரிய ஆட்கள் முன்னால் சொல்லும்போது வாய் உலர்ந்துபோனதாம், ஆனாலும் சொல்லிவிட்டாளாம். அவளுடைய அண்ணன் பல மாதம் அவளோடு பேசவில்லை. அந்த நாட்களில் அவள் எங்கள் லயத்துக்கு வந்து, அண்ணி சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். எனக்கு அதைப் பார்த்தும் பொறாமையாகத்தான் இருந்தது, ஆனால் எழுந்து போகச் சொல்ல வாய் வரவில்லை.

என் வீட்டு ஆட்கள் செய்த தப்பை அந்நியர் முன்னால் எழுந்து சொல்ல என்னால் முடியுமா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். முடியும் என்று உறுதியாகச் சொல்ல வராதவரை, அவள் மேல் எனக்கிருக்கும் பொறாமை தீரப்போவதில்லை.