மும்தாஜ் பேகத்தின் மூன்றாவது சிலிண்டர்

நான் சுடலைவடிவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பத்து வயதில் வண்ணார்பேட்டையில் ஒரு லாரிப் பட்டறையில் தரை கூட்டப் போனேன். இன்றைக்கு அதே தெருவில் லாரி உதிரிபாகக் கடை இரண்டு என் பேரில் நிற்கின்றன. யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். ரோட்டில் லாரி போகிற சத்தத்தைக் கேட்டு, கல்லாவில் உட்கார்ந்தபடியே அதற்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், உள்ளதைச் சொல்ல என்ன கூச்சம்? அப்பேர்ப்பட்ட என்னை ஒரு இஞ்சின் விஷயத்தில் வாய் பொத்தி நிற்க வைத்த ஆள் இந்த ஜில்லாவிலேயே ஒருத்திதான். மேலப்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மும்தாஜ் பேகம்.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மிஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைக்கிறாள். வீட்டுக்காரர் அசன் மைதீன் இருபத்தாறு வருஷமாகத் தம்மாமில் ஏசி வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அப்படி ஒரு லீவில், மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஒரு அதிகாரியிடமிருந்து ஆமைக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். அறுபத்தொன்பதாம் வருஷத்து வோக்ஸ்வாகன். இஞ்சின் பின்பக்கம் இருக்கும், பெட்டி படுக்கையை முன்பக்கம் வைக்க வேண்டும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றுகிற வேலையே கிடையாது. காற்றடித்தே ஆறிக்கொள்ளும். மனுஷன் நாற்பது நாள் ஆசை தீர ஓட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார். கார் ஷெட்டில் நின்றது.

சும்மா நிற்கிற வண்டி கெட்டுப்போகும் என்று மும்தாஜ் ஓட்டப் பழகினாள். இஞ்சின் டிக் டிக் என்று அடிக்கிறதே என்று ஒரு மெக்கானிக்கை வரவழைத்தாள். அவன் வால்வுகளை முறுக்கி இறுக்கி, சத்தமே இல்லாமல் பண்ணிக் கொடுத்தான். நானும் கேட்டுவிட்டு, "ஆஹா, உன் தையல் மிஷின் மாதிரில்லா ஓடுது" என்று சான்றிதழ் கொடுத்தேன். மூன்று மாதத்தில் மூன்றாவது சிலிண்டரில் ஒரு வால்வு கருகி, வண்டி கொக்கிரகுளம் பாலத்தில் உட்கார்ந்துவிட்டது.

வேறு ஒருத்தியாக இருந்தால் மெக்கானிக்கைத் திட்டியிருப்பாள். இவள் அந்தக் காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து, அப்போது எட்டாம் வகுப்பு படித்த மகள் அர்ஷியாவை வாசித்துச் சொல்ல வைத்தாள். வால்வுக்கும் அதைத் தட்டுகிற கைக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும்; அந்த இடைவெளிதான் டிக் டிக் என்று பேசுகிறது; நான்கு சிலிண்டருக்கு எட்டு வால்வு, எட்டு டிக். இடைவெளி போய்விட்டால் வால்வு சரியாக மூடாது. மூடாத வால்வு சூட்டைத் தள்ள முடியாமல் வெந்துபோகும். ஆகவே சத்தம் போடுகிற வால்வு பிழைக்கும், வாய் மூடின வால்வு சாகும். அதோடு இடைவெளியை இஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சூட்டில் உலோகம் விரிந்து அளவு பொய் சொல்லும். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளே பாயை விரித்துப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துவிடுவாள். பில்லர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை அந்தச் சந்தில் விட்டு இழுப்பாள். தையல் மிஷின் காலுக்கு அடியில் பட்டுத்துணி நகருகிற மாதிரி தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டுமாம். தையல்காரி கைக்கு அது தெரியாமல் இருக்குமா?

போன ஆனியில் அசன் மைதீன் ஒரேயடியாக ஊர் திரும்புவதாகச் சொன்னார். கூடவே, நாகர்கோவிலில் பழைய கார் சேர்க்கிற ஒருவருக்குக் காரைக் கொடுப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார். போனில் புருஷன் பெண்டாட்டி பேசினதை மும்தாஜே எனக்குச் சொன்னாள்.

"ஷெட்டுல கெடக்கத வச்சி என்ன செய்யங்காரு, அண்ணாச்சி. தூரந்தொலைக்கு ஓடும்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்காரு. தெருவுக்குள்ள உருட்டுததெல்லாம் ஓட்டமாங்காரு. நான் சொல்லிட்டேன், வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்கு நானே இந்த வண்டியில வந்து உங்களக் கூட்டிட்டு வருவேன், வந்து சேரலன்னா நீங்க யாருக்கும் குடுங்கன்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

"சரின்னுட்டாரு. சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. அதான் எரிச்சலா வருது."

அவர் வருகிற அன்றைக்கு விமானம் பகல் பதினொன்றே முக்காலுக்கு. போக நாற்பது கிலோமீட்டர், நான்கு வழிச் சாலை. முந்தின நாள் மத்தியானம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "எட்டு டிக்குல ஒண்ணு கேக்கல, அண்ணாச்சி. மூணாவது சிலிண்டர்தான். விடியக்காலம் ஆறினப்புறம் செட் பண்ணிட்டுக் கிளம்பணும்" என்றாள்.

நான் விடியுமுன் எழுந்து பழகினவன். ஐந்தே முக்காலுக்கு அவள் ஷெட் பக்கம் போனேன். பாய் விரித்திருந்தது, ஸ்பேனர்கள் வரிசையாக இருந்தன, ஆளைக் காணோம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருக்கிறாள், அதை இறக்கப் போயிருக்கிறாள். சாவி காரிலேயே தொங்கியது. எந்த டிக் கேட்கவில்லை என்று இவ்வளவு பெரிய காது வைத்திருக்கிற நான் ஒருதரம் கேட்டுச் சொல்லக் கூடாதா? ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். ஆக்சிலேட்டரை அமுக்கி அமுக்கிக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே சந்தோஷம். ஐந்து நிமிஷம் இருக்கும், பத்து நிமிஷமும் இருக்கும்.

மும்தாஜ் பால் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அய்யோ அண்ணாச்சி! என்ன காரியம் பண்ணிட்டீய! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"ஏம்மா, மூணாவதுதான். நீ சொன்னது சரிதான்" என்றேன்.

"நான் சொன்னதச் சரின்னு சொல்லதுக்கா வண்டியச் சூடாக்குனீய? ராத்திரி முச்சூடும் ஆற வச்சிருந்தேனே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா? "லாரிக்கெல்லாம் நாங்க சூட்டுலயே செட் பண்ணியிருக்கோம். இதையும் பண்ணிரலாம், வா" என்றேன்.

"உங்க லாரிக்கு என்னமும் பண்ணுங்க. இதுல சூட்டுல அளந்தா நான் வல்லநாட்டுல ரோட்டோரம் நிப்பேன்."

"அப்ப ஒரு வாளித் தண்ணிய எடுத்து மேல ஊத்திருவோம்."

"ஊத்திப் பாருங்க!" என்று கரண்டியை ஓங்கினாள். "சுட்ட சட்டியில பச்சத்தண்ணி ஊத்துன மாதிரி வெடிச்சிட்டுப் போவும்."

"என் இன்னோவாவ எடுத்துக்கிட்டுப் போம்மா. டிரைவரும் தாறேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நானே தலையைக் குனிந்துகொண்டேன். இன்னோவாவில் போய் இறங்கினால் ஆமைக் கார் நாகர்கோவிலுக்குப் போய்விடும். இறுகின வால்வோடு இதையே ஓட்டிப் போனால் வழியில் கருகி நிற்கும், அப்போதும் நாகர்கோவில்தான். என் காது பண்ணின வேலை.

அவள் அழவில்லை. நேரத்தைப் பார்த்தாள். ஆறு பத்து. பத்தேமுக்காலுக்குக் கிளம்ப வேண்டும், வேலைக்கு முக்கால் மணி நேரம். "பத்து மணி வரைக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டு, "அர்ஷியா, பேனெல்லாம் கொண்டா" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். லீவுக்கு வந்திருந்த மகள் இரண்டு நிற்கும் பேனை இழுத்து வந்தாள். என் வீட்டிலிருந்து நான் ஒன்றைத் தூக்கி வந்தேன். எழுபத்தோரு வயதில் தூக்கி வந்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்மூடியைத் திறந்து மூன்றையும் இஞ்சினுக்கு நேராகச் சுழலவிட்டோம். பிறகு அவள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அடியில் படுத்து, சூடான ஆயிலை மொத்தமாக வடித்துவிட்டாள்.

"எதுக்கு?" என்றேன்.

"பாதிச் சூட்ட ஆயில்லா சொமக்குது. அதை வெளிய எடுத்தா இரும்பு சீக்கிரம் ஆறும். எப்பிடியும் புது ஆயில் ஊத்தத்தான் வாங்கி வச்சிருக்கேன்."

அறுபது வருஷத் தொழிலில் எனக்கு அது தோன்றியதில்லை. தெரிந்தவன்போல் தலையை ஆட்டிவைத்தேன்.

எட்டு மணிக்கு மணிக்கட்டை இஞ்சின் மேல் வைத்துப் பார்த்தாள். பிள்ளைக்குப் பால் சூடு பார்ப்பதுபோல் இருந்தது. "இன்னும் இருக்கு." ஒன்பதுக்குப் பார்த்தாள். "கொஞ்சம் இருக்கு." நடுவில் ஒரு ரவிக்கைக்குக் கொக்கியும் தைத்து முடித்தாள். நல்லவேளை, ஆனிச் சாரல் காற்று ஷெட்டுக்குள் புகுந்து அடித்தது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் வைத்த கையை எடுக்கவில்லை.

"ஆறிட்டு. வாங்க அண்ணாச்சி, புல்லியச் சுத்துங்க."

நான் இரண்டு கடை முதலாளி. இஞ்சினைக் கையால் சுற்றுகிற அந்தச் சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டிக்கொண்டு நின்றேன்.

"பைய. இன்னும் கொஞ்சம். போதும்னா போதும், இழுக்காதீய!"

அரைச் சுற்றுக்கு அரைச் சுற்று நான் நிறுத்த, அவள் இரண்டிரண்டு வால்வாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆறு வால்வுகள் சரியாக இருந்தன, இத்தனூண்டு தளர்ந்திருந்த ஒன்றைச் சரிபண்ணினாள். மூன்றாவது சிலிண்டரில் தகட்டை நீட்டினாள். நுழையவே இல்லை. லாக் நட்டைத் தளர்த்தி, திருகைப் பின்னால் விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். நட்டை இறுக்கியபின் இன்னொருதரம் இழுத்து, "வந்துட்டு" என்றாள். மூடிகளைப் போட்டு, ஆயில் ஊற்றி, கையைக் கழுவி, புர்காவை மாட்டிக்கொண்டு வந்தபோது மணி பத்து ஐம்பது.

"ஏறுங்க அண்ணாச்சி."

"நான் எதுக்கும்மா?"

"வழியில நின்னா தள்ளுததுக்கு ஆளு வேணும்லா. சூடாக்குனது யாரு?"

பின்சீட்டில் உட்கார்ந்தேன். எட்டு டிக்கும் முதுகுக்குப் பின்னால் ஒழுங்காகக் கேட்டன. அவள் அறுபதுக்கு மேல் முள்ளை ஏற விடவில்லை. லாரிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. அதில் பாதிக்கு நான் பாகம் விற்றிருப்பேன், ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

விமானம் கால் மணி நேரம் தாமதம். அசன் மைதீன் மூன்று பெட்டியோடு வெளியே வந்து, காரைப் பார்த்து, அவளைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, "அண்ணாச்சிதான் ரிப்பேர் பண்ணி ஓட்டிட்டு வந்தீயளா?" என்றார்.

வாழ்க்கையில் ஒருதரம் பெருமையை எடுத்துக்கொள்ளாமல் விட்டேன். "நான் கெடுக்க மட்டுந்தான் செஞ்சேன், வே. ஓட்டினது உம்ம வீட்டுக்காரி" என்றேன்.

அவர் முன்சீட்டில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கம் காதைக் கொடுத்தார். "ஏளா, வால்வு டிக் டிக்குன்னு அடிக்கே?" என்றார். "அடிக்கணும்" என்றாள் மும்தாஜ், ரோட்டைப் பார்த்தபடி. நானும் சத்தமில்லாத இஞ்சினுக்குச் சான்றிதழ் கொடுத்தவன்தானே, பின்னால் இருந்து சிரித்தேன்.

வல்லநாட்டில் டீக்கு நிறுத்தினோம். அவர் கையில் டீ வாங்கின நேரம் போன் அடித்தது. நாகர்கோவில்காரர், சாயங்காலம் வரலாமா என்று கேட்கிறார். அசன் மைதீன் போனைக் காதில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். மும்தாஜ் பின்மூடியைத் தூக்கி, ஆயில் குச்சியை உருவித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வர வேண்டாங்க" என்றார் போனில். "இல்ல, வேற யாருக்கும் குடுக்கல. வண்டிக்கு ஆளு வீட்டுலயே இருக்கு."

எதிர்முனை இன்னும் ஏதோ கெஞ்சியது. மும்தாஜ் குச்சியைச் செருகிவிட்டு, மூடியைச் சாத்தி, இங்கே நடப்பது எதுவும் காதில் விழாதவள்போல் குரல் கொடுத்தாள்:

"என்ன, பேச்சு முடிஞ்சிட்டா? டீ ஆறிப்போவுது. பிள்ள நெய்ச்சோறு ஆக்கி வச்சிட்டு வாசலப் பாத்துட்டு இருப்பா, ஏறுங்க."