தரங்கம்பாடிக்கு மூன்று பேர்

கடல் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்த மச்சான் அதைத் துப்பவில்லை, விழுங்கினார். சுற்றிலும் எல்லோரும் அலைக்குக் கத்திக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருக்க, அவர் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். "மாப்ளே, ராஜஸ்தான்ல ஒரு வெள்ளாமைக் காட்டுல போர் போட்டப்ப இதேயாட்டத்தான் வந்துச்சு. அந்தக் காட்டுக்காரன் உக்காந்து அழுதுட்டான்" என்றார். பக்கத்தில் புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா சிரித்துவிட்டாள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். மச்சான் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். எந்த ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும், மேலே வரும் முதல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். கடலையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

ரிக் வண்டிக்காரர்களின் வருஷம் நம் வருஷம் இல்லை. ஆயுத பூசை முடிந்து வண்டி வடக்கே கிளம்பினால், அங்கே மழை பிடித்து, காட்டுக்குள் வண்டி இறங்க முடியாமல் போகும்போதுதான் ஊர் திரும்பும். அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம். பூசை முடிந்ததும் மச்சான் போய்விட்டார். மறுவருஷம் அவர் திரும்பி வந்தபோது ஆடி பிறந்திருந்தது. தலை ஆடி என்று முறைப்படி சீர் வைத்து நாங்களே அக்காவைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். அது முடிந்து அவள் திரும்பிப் போனால், புருஷன் வீட்டார் நிறைந்த அந்தச் சின்ன வீட்டில் அவர்கள் தனியாக ஒரு வார்த்தை பேச இடமில்லை. அதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. அடுத்த பூசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்க இன்னும் சில வாரங்கள்தான்.

அப்போது நான் கல்லூரியில் கடைசி வருஷம். விடுதியிலிருந்து ஊருக்கு வந்திருந்த என்னிடம்தான் அக்கா அதைச் சொன்னாள். "இந்தத் தடவ வண்டியேற வேண்டாம்னு அவருகிட்டக் கேக்கோணும் சாமி. அந்த ஊட்ல வாயத் தெறக்கவே முடியறதில்ல. ஒரம்பரை, சொந்தபந்தம் யாருமில்லாத எடத்துக்கு ரெண்டு நாள் போனாப் போதும். கேட்டும் அவரு போறேன்னுட்டா, நான் நம்மூட்டுக்கே வந்தர்றேன். இப்படி இன்னொரு வருசம் என்னால ஆவாது." நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் ஒரு காரியத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அப்பா ஒன்றுதான் சொன்னார். "தெரியாத சீமை. படிச்ச பையன், அவனும் கூடப் போவட்டும். நாலு எடம் கேட்டுப் போவான்." புருஷன் பெண்டாட்டியோடு மூன்றாவதாக ஒருவனை அனுப்புவதில் எங்கள் வீட்டில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். தரங்கம்பாடியில் செய்ய வேண்டியவை பத்து, சாப்பிட வேண்டிய இடங்கள் ஆறு. எந்தக் கடையில் நண்டு நன்றாக இருக்கும், எங்கே மத்தியானம் ஒரு மணிக்கு மேல் போனால் வஞ்சிரம் தீர்ந்துவிடும், சூரியோதயத்தை எந்தப் பாறையிலிருந்து பார்க்க வேண்டும் என்று போனில் படித்துப் படித்து எழுதி, அச்சும் எடுத்துக்கொண்டேன். கடல் பார்க்காத எனக்குக் கடலைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் நாமக்கல்லில் பஸ் ஏறி, திருச்சி, கும்பகோணம், மயிலாடுதுறை என்று மாறி மாறிப் போய் மத்தியானம் இறங்கினோம். பட்டியலில் முதலில் இருந்த கடைக்கு நேராகக் கூட்டிப்போனேன். மீன் வறுபடும் வாசனை தெருமுனைக்கே வந்தது. வாசலில் இருவரும் நின்றுவிட்டார்கள். மச்சான் என் தோளைத் தட்டினார். "மாப்ளே, மீன் திங்கற ஊருக்குப் பெருமாள் மாசத்துல, அதுவும் சனிக்கெழமையாப் பாத்துக் கூட்டியாந்த ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்."

"அவன் காலேஜ்ல புரட்டாசி வராதாட்ட இருக்குது" என்றாள் அக்கா.

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆறு இடங்களும் மீன் கடைகள். புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவுச்சி சேராது என்பது விடுதிக்குப் போன வருஷங்களில் எனக்கு மறந்தே போயிருந்தது. அடுத்த ஊரான பொறையாற்றில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சைவக் கடையைத் தேடிப் பிடித்துத் தயிர்சோறும் ஊறுகாயும் சாப்பிட்டோம். அடுத்த இரண்டு வேளையும் அதே கடைதான். சாப்பாட்டில் விட்டதைப் பார்ப்பதிலாவது பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது இதனால்தான். அவர்களை உட்காரவிடவில்லை. பழைய வாசல், மாதாகோயில் தெரு, கடலோரத்து இடிந்த கோயில் என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மச்சானும் என்னோடு ஒட்டிக்கொண்டுதான் நடந்தார். என் படிப்பைப் பற்றி, வேலை எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றி விடாமல் கேட்டார். வருஷம் முழுக்க ஆண்களோடு வண்டியடியில் சமைத்துத் தின்று படுத்துப் பழகிய மனிதருக்கு, மனைவியிடம் எந்த வார்த்தையில் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை. நான் பக்கத்தில் இருந்தது அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது. அப்போது அதை என்மேல் உள்ள பிரியம் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். பிரியமும் இருந்தது, அது பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அலைக்குள் கணுக்கால் நனைய நின்றுகொண்டு, "ஏனுங்க, இங்க செத்த வாங்க" என்று கூப்பிட்டாள். மச்சான் செருப்பை என் பக்கத்தில் கழற்றிவிட்டுப் போனார். இருவரும் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்து நின்றார்கள். ஓர் அலை வந்து போயிற்று. அக்கா அவர் பக்கம் திரும்பினாள். எனக்கோ பன்னிரண்டு மணி பஸ்தான் நினைப்பு. "மச்சான், கோட்டை தெறந்துட்டாங்க! பட்டியல்ல ஒம்பதாவது இன்னும் பாக்கி இருக்குதுங்க!" என்று கையைத் தூக்கிக் கத்தினேன். அவர் சட்டென்று திரும்பிக் கரைக்கு வந்தார். வகுப்பில் கேள்வி கேட்கும் நேரத்தில் மணி அடித்துவிட்டால் பையன்கள் எழுந்திருப்பார்களே, அந்த மாதிரி வந்தார். அக்கா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கோட்டைக்குள் என்ன பார்த்தோம் என்று இன்றைக்கு எனக்கு ஒன்றும் நினைவில்லை. திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு. "நீ நடுவுல உக்காரு மாப்ளே" என்றார். உட்கார்ந்தேன்.

பூசை முடிந்து வண்டி கிளம்பியது. ஒரு பையோடு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கேட்டாயா என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி உறவைத் தீர்த்துவிட்டார்கள். அக்கா இப்போது சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் இருக்கிறாள். நான் நாமக்கல்லில் முட்டை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு கடலுக்குப் போகும்போது எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று என்னிடம்தான் வருவார்கள். எழுதிக் கொடுப்பேன். திங்கட்கிழமை படங்களைக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தால் மறுநாள் காலைவரை பேச ஆள் கிடையாது. அக்காவின் வாழ்க்கை போயிற்று என்று ஊரே வருத்தப்பட்டது, அது நியாயம். எனக்கொரு மச்சான் இல்லாமல் போனதற்கு யாரும் துக்கம் கேட்கவில்லை.

போன மாதம் வேலையாகத் திருச்செங்கோடு போயிருந்தேன். ஒரு ரிக் பட்டறைக்கு எதிர் டீக்கடையிலிருந்து "மாப்ளே!" என்று குரல் வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டு இத்தனை வருஷமாயிற்றே என்று நினைப்பதற்குள் கால் நின்றுவிட்டது. மச்சான்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. இடுப்பில் இரண்டு வயசுப் பெண் குழந்தை. "சாப்டியா? இளைச்சுப் போயிட்டயே. சமைக்க ஆளில்லையா?" என்றார். மறுபடி கல்யாணம் ஆனதும் வண்டிக்குப் போவதை விட்டுவிட்டாராம், இங்கேயே பட்டறையில் வேலையாம். எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, குழந்தைக்குப் பன்னைப் பிய்த்து நனைத்துக் கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"போவாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுவாளான்னு கடலுக்குப் போனமே, அன்னிக்கெல்லாம் நானும் பாத்துட்டேதான் இருந்தேன் மாப்ளே. தண்ணிக்குள்ள நின்னப்ப என்னமோ சொல்ல வாயெடுத்தா. நீ கூப்புட்டியா, வந்துட்டேன். நானாச்சும் திருப்பிக் கேட்டிருக்கோணும். என்ன சொல்ல வந்தான்னு உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

குழந்தை ஈரமான விரல்களால் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "தெரியாதுங்க மச்சான்" என்றேன்.

"செரி, உடு" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா வழக்கம்போல் போன் செய்தாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். திருச்செங்கோடு போய் வந்தேன் என்றேன். யாரையாவது பார்த்தாயா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெய்யில் அங்கேயும் அதிகமா என்று மட்டும் கேட்டாள்.