பேச்சில்லாத ஓரகத்திகள் கடலுக்குள் போனது

அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வாழ வந்த இரண்டு பெண்களில் மூத்தவள் அவள். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயர் பெரியவள். கீழ்த்தளம் அவளுக்கு, மாடி சின்னவளுக்கு.

பெரியவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதிப்பவர் வேறொருவர். சோதித்து முடித்து, ஃபிரேம் தேர்ந்தெடுத்து, வில்லை பொருத்தி வந்த பிறகு அதை மனிதர் முகத்தில் உட்கார வைப்பது இவள் வேலை. கண்ணாடியின் காதைச் சூடு காட்டி வளைப்பாள், மூக்குத் தாங்கியை நகத்தால் நெருக்குவாள். “குனிங்க, நிமிருங்க, நல்லாத் தலையை ஆட்டுங்க” என்பாள். நழுவினால் திரும்ப வாங்கிக்கொள்வாள். ஒரு காது மேலேயும் ஒரு காது கீழேயுமாக இருப்பவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று அவளுக்குத்தான் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டாள். அவளும் தடிமனான கண்ணாடிதான் போட்டிருந்தாள். கழற்றினால் எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்று குரலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

சின்னவள் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அவளுக்கு எதைக் கண்டாலும் பயம் இல்லாமல் போய்விட்டது. வாயும் கொஞ்சம் நீளம்.

இருவரும் நான்கு வருஷமாகப் பேசுவதில்லை.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். கீழ்வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டிய சமயம், பெரியவள் ஒரு மாதம் மாடியில் சமைத்தாள். முதல் வாரம் ஒரே கும்மாளம். அடுப்படியில் இடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வேலை நடந்தது. ஒரு காலையில் பெரியவள் மிக்ஸி நிறையத் தக்காளியைப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தபோது, குளித்துவிட்டு வந்த சின்னவள் போகிற போக்கில் சொன்னாள்: “பாத்துக்கா, எங்க வீட்டு மிக்ஸி கொஞ்சம் வயசானது.”

அவ்வளவுதான் சொன்னாள். பெரியவள் காதில் விழுந்தது ‘எங்க வீட்டு’ மட்டும். அதுவரை மாடியும் கீழும் ஒரே வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். அரைத்ததும் அரைக்காததுமாகக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள். மீதி நாட்களுக்கு ஹாலில் ஒற்றை அடுப்பை வைத்துச் சமைத்தாள். ‘நான் என்ன சொல்லிட்டேன்னு இந்த முறுக்கு?’ என்று சின்னவளுக்கும் கோபம். அவள் வரட்டும் என்று இவளும், இவள் வரட்டும் என்று அவளும் இருந்ததில் வருஷங்கள் ஓடிவிட்டன.

பேசாமல் எப்படி ஒரு வீட்டில் இருப்பது என்று கேட்கலாம். அதற்கெல்லாம் வழி இருக்கிறது. “மோட்டர் போட்டாச்சுன்னு மேல சொல்லிடுங்க” என்பாள் பெரியவள் தன் கணவரிடம். அவர் இல்லையென்றால் சுவரிடம் சொல்வாள். “யாரோ கேட்டைச் சாத்தாமப் போயிட்டாங்க” என்று படிக்கட்டில் நின்று சின்னவள் அறிவிப்பாள். பெரியவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஃபிளாஸ்கில் சூப் ஊற்றிக் கடைசிப் படியில் வைத்துவிட்டுப் போவாள் சின்னவள். பெரியவள் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, ஃபிளாஸ்கைக் கழுவி அதே படியில் வைப்பாள். வாய் மட்டும் திறக்காது.

அண்ணன் தம்பிக்கோ ஒருவரை விட்டு ஒருவர் இருக்க முடியாது. சின்ன வயதில் டிவியில் பார்த்ததிலிருந்து இருவருக்கும் ஓர் ஆசை. முதுகில் காற்றுருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போய் மீன்களோடு சுற்ற வேண்டும். அண்ணனுக்கு ஐம்பது தாண்டியதும், இனியும் விட்டால் நடக்காது என்று இருவரும் லீவு போட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் விடுதி பிடித்தார்கள். பிள்ளைகள் வர மறுத்துவிட்டார்கள். மனைவிமார் வந்தார்கள். காரில் ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால்.

ஸ்கூபா டைவிங் சொல்லித்தருபவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். தொண்டை கட்டிய குரலும் தொந்தியுமாக இருந்தார், ஆனால் படகில் பூனை மாதிரி நடந்தார். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இடுப்பளவுத் தண்ணீர் உள்ள மணல்திட்டு ஒன்றின் பக்கத்தில் படகை நிறுத்தினார். முதலில் அங்கே பழக்குவார், பிறகு ஆழத்துக்குக் கூட்டிப்போவார். அண்ணன் ஆசையோடு எழுந்து நின்றவர், நின்ற வேகத்தில் அடுக்கடுக்காக மூன்று தும்மல் போட்டார்.

“சளியா சார்?”

“லேசாத்தான். நேத்து ஏசில படுத்துட்டேன்.”

“அப்ப முடியாது சார். சளியோட உள்ள போனா காது போயிரும். நான் இறக்க மாட்டேன்.”

தம்பியைப் பார்த்தார்கள். அவர் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டதை எல்லாம் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘நான் வரல’ என்பதற்கு அடையாளமாக ஒரு கையை மட்டும் ஆட்டினார்.

மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். “ரெண்டு பேருக்கு எல்லாம் எடுத்து வச்சுட்டேனே. மேடம், நீங்க யாராவது வர்றீங்களா? நீச்சல் தெரியணும்னு இல்ல. நான் பிடிச்சுக்குவேன்.”

சின்னவள் கை உயர்ந்தது. அது முழுக்க உயர்வதற்குள் பெரியவள் கையும் உயர்ந்துவிட்டது. அவள் தூக்கினாளே என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

“உனக்குத் தண்ணின்னாலே ஆகாதே!” என்றார் பெரியவளின் கணவர்.

“யார் சொன்னா?”

“நீதான சொன்ன?”

“அது அப்ப.”

மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் சொந்தமா?”

தம்பி தலையைத் தூக்காமலே சொன்னார்: “ஓரகத்திங்க.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. உள்ள போனதும் கையைக் கோத்துக்கங்க. அவங்களை நீங்க பாக்கணும், உங்களை அவங்க பாக்கணும். நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது.”

அண்ணன் தம்பி முகத்தைப் பார்த்தார். தம்பி கடலைப் பார்த்தார்.

இடுப்பளவுத் தண்ணீரில் பாடம் நடந்தது. மாஸ்க் கண்ணோடு மூக்கையும் சேர்த்து மூடிவிடும். அதனால் மூக்கை மறந்துவிட வேண்டும், மூச்சு வாயால் மட்டும். விரலை வளையமாக்கிக் காட்டினால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். காது வலித்தால் காதைக் காட்ட வேண்டும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். எதையும் தொடக் கூடாது. பெரியவள் கண்ணாடியைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள். உடனே படகும் மனிதர்களும் கரைந்து வெறும் நிறங்களாகிவிட்டார்கள்.

“பவர் எவ்வளவு மேடம்?”

“ரெண்டு கண்ணும் மைனஸ் அஞ்சு.”

“பவர் போட்ட மாஸ்க்கைக் கரையில விட்டுட்டேனே. மங்கலாத்தான் தெரியும், பரவாயில்லையா?”

திரும்பிப் போக அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனால் பக்கத்தில் கறுப்பு ரப்பர் உடையில் ஒரு மங்கலான உருவம் இடுப்பில் கை வைத்து நின்றது. அது யார் என்று தெரிய கண்ணாடி தேவைப்படவில்லை.

“பரவாயில்ல” என்றாள்.

படகு ஆழத்துக்குப் போனது. ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். தலை முழுகியதும் பெரியவளுக்குத் தன் மூச்சே யாரோ காதோரம் நின்று இழுத்து விடுவதுபோலக் கேட்டது. ஒரு கையில் கயிறு, மறு கையில் சின்னவளின் கை. இரண்டையும் அவள் நசுக்கிக்கொண்டிருந்தாள். ஓர் ஆள் உயரம் இறங்கியதும் காதுக்குள் ஆணி அடித்தது. மூக்கைப் பிடித்து ஊத வேண்டும் என்பது நினைவிருந்தது. ஆனால் கயிற்றை விடவும் பயம், சின்னவள் கையை விடவும் பயம். காதைக் காட்டி ‘முடியவில்லை’ என்று சொல்வதா, அதுவும் இவள் முன்னால்? பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

சின்னவள் பார்த்துவிட்டாள். பெரியவளுக்கு எங்கே வலித்தாலும் முகம் மாறாது, கழுத்துதான் கோழிக் கழுத்தாக நீளும். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அது தெரியாதா? மாஸ்டரின் முழங்கையை உலுக்கினாள், பெரியவளைக் காட்டினாள், தன் காதைக் காட்டினாள். மாஸ்டர் இருவரையும் கொஞ்சம் மேலே தூக்கி, மூக்கைப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். பெரியவள் எந்தக் கையையும் எடுப்பதாக இல்லை. சின்னவள் ஒரு நொடி பார்த்தாள். பிறகு தன் இன்னொரு கையை நீட்டி, மாஸ்க்கின் ரப்பரோடு சேர்த்துப் பெரியவளின் மூக்கை இறுக்கிப் பிடித்தாள்.

வீட்டில் இது நடந்திருந்தால் கொலை விழுந்திருக்கும். இங்கே பெரியவளுக்கு ஊதுவதைத் தவிர வேறு வழியில்லை. ஊதினாள். காதில் ‘டக்’கென்று ஒரு சத்தம். ஆணி போன இடம் தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது. சின்னவள் விரலை வளையமாக்கிக் கேட்டாள். கயிற்றிலிருந்து முதன்முறையாகக் கையை எடுத்துப் பெரியவளும் வளையம் காட்டினாள்.

அடியில் சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே காட்டினாள், இங்கே காட்டினாள். பெரியவளுக்கு நீலத்தில் மஞ்சள் மஞ்சளாகச் சில திட்டுகள் நகர்வது மட்டும் தெரிந்தது. தலையை ஆட்டி ‘தெரியல’ என்றாள். சின்னவள் அவளை இழுத்துக்கொண்டுபோய் ஒரு பாறைக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட மூக்கு இடிக்கிற அளவுக்கு நிறுத்தினாள்.

கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பது பெரியவளுக்கு வெறும் கண்ணிலேயே துல்லியமாகத் தெரியும். பாறையில் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னப் பூக்கள், திருகாணிபோலச் சுற்றிச் சுற்றி ஏறிய இறகுகள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று வெள்ளையில் ஆரஞ்சு ஓரம். அவள் மூச்சின் குமிழி பக்கத்தில் போனதும் ஒன்று படக்கென்று பாறைக்குள் ஒளிந்துகொண்டது. பூ இல்லை, உயிர்! கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக எட்டிப் பார்த்தது. பெரியவள் வாயில் குழாயோடு சிரித்துவிட்டாள், கொஞ்சம் உப்புத் தண்ணீரும் குடித்தாள்.

சின்னவளின் கையை இழுத்து அதைக் காட்டினாள். சின்னவள் குனிந்தாள். பிறகு தலையைப் பின்னால் இழுத்தாள். இன்னும் இழுத்தாள். கையெட்டும் தூரம்வரை போய்க் கண்ணைச் சுருக்கினாள்.

பெரியவள் கடையில் தினமும் பார்க்கும் காட்சி அது. செய்தித்தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு “எழுத்தெல்லாம் ஏன் இப்படிச் சின்னதாப் போடுறாங்க?” என்று வருவார்களே, அவர்களைப் போலவே. வெள்ளெழுத்து. இவளுக்கா? வீட்டுக்கு வாழ வந்த புதிதில் அரை இருட்டில்கூட ஊசியில் நூல் கோத்தவள் இவள். ஊரில் உள்ளவர் கண்ணை எல்லாம் கவனிக்கிறோம், தலைக்கு மேலே நடமாடுகிறவளுக்கு வயசானது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. எப்போதிலிருந்து இப்படி? கண்ணாடி இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறாள்? கேட்க வாயில்லை. கையைக் கொஞ்சம் அழுத்தினாள். சின்னவள் என்னமோ ஏதோ என்று பயந்து, மறுபடியும் மூக்கைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

மேலே வந்து, ஏணியைப் பிடித்துப் படகில் ஏறி, மாஸ்க்கைக் கழற்றினார்கள். பெரியவள் கணவரிடமிருந்து கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பினாள். சின்னவளின் மூக்கிலிருந்து உதட்டுக்குச் சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

“அய்யோ, மூக்குல ரத்தம்டி!”

அண்ணன் வரவிருந்த தும்மலை அடக்கிக்கொண்டார். சின்னவள் புறங்கையால் துடைத்துப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்லக்கா. மாஸ்க் அழுத்தினது.”

“தலையைத் தூக்காத. முன்னால குனி. துண்டு எங்க? ஏங்க, பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, துண்டை எடுங்க!”

“இது சில பேருக்கு வரும் மேடம், பயப்படாதீங்க” என்றார் மாஸ்டர். பெரியவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் இயந்திரத்தைக் கிளப்பப் போய்விட்டார்.

கரை வரைக்கும் இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள். அதோடு எல்லாம் சுபம் என்று சொல்ல ஆசைதான். அன்று சாயங்காலமே விடுதி அறையில் சண்டை வெடித்தது.

“எங்க வீட்டு மிக்ஸின்னு நீ சொல்லல?”

“மிக்ஸியா? எந்த மிக்ஸி?”

“பாத்தியா, உனக்கு ஞாபகம்கூட இல்ல!”

“ஒரு மிக்ஸிக்காகவா என்கூட நாலு வருஷம் பேசாம இருந்தீங்க? நான் என்னென்னவோ நினைச்சேன்க்கா. எங்க அம்மா செத்தப்பக்கூட வந்து ஓரமா நின்னுட்டுப் போனீங்க. ஒரு வார்த்தை கேக்கல.”

அன்றைக்குப் பெரியவள் பேச வாயெடுத்தது உண்மை. வார்த்தை வரவில்லை என்பதும் உண்மை. “நிக்கத்தான முடிஞ்சுது” என்றாள். அதற்குமேல் இருவரும் அழுதார்கள். பால்கனியில் நின்ற அண்ணனும் தம்பியும் உள்ளே போகலாமா வேண்டாமா என்று தெரியாமல், ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஊர் திரும்பிய வாரமே பெரியவள் சின்னவளைக் கடைக்கு இழுத்துக்கொண்டுபோய்க் கண்ணைச் சோதிக்க வைத்தாள். “எனக்கு அவ்வளவு வயசாகலக்கா” என்று அடம்பிடித்தவளை உட்கார வைத்துத் தானே ஃபிரேம் தேர்ந்தெடுத்தாள், தானே காதோரம் வளைத்தாள். அதன் பிறகும் அவர்கள் சண்டை போடாத மாதம் கிடையாது. ஆனால் நேருக்கு நேர், வாய்க்கு வாய். சுவருக்கு இனி வேலை இல்லை.

சின்னவள் நகரத்தின் மறுகோடியில் சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி தொடங்கியதும், அங்கேயே வீடு பார்க்க வேண்டியதாயிற்று. பேச ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பாத்திரங்களைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தது பெரியவள்தான். “இப்படி அடுக்குனா எல்லாம் உடைஞ்சிடும், தள்ளு” என்று அன்றைக்கும் திட்டிக்கொண்டே இருந்தாள். வண்டி கிளம்பிப்போன பிறகு கொஞ்ச நேரம் கேட்டில் நின்றாள்.

இப்போது மாடியில் வேறு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கடை சாத்தி வீட்டுக்கு நடக்கிற நேரத்தில் பெரியவள் சின்னவளுக்குப் போன் போடுவாள். பேச்சில் பெரிதாக விஷயம் இருக்காது.

“சாப்பிட்டியா?”

“இன்னும் இல்லக்கா. நீங்க?”

“போய்த்தான். கால் வேற வலிக்குது.”

“எந்தக் கால்?”

“இடது.”

“நேத்து வலதுன்னீங்க?”

“நேத்து வலதுதான்.”

வீட்டு வாசல் வந்ததும் “சரி, வைக்கிறேன்” என்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு, விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவள் பேசிக்கொண்டுதான் இருப்பாள்.