விடுதிச் சம்பளத்துக்குக் கீரை

திருநின்றவூர் ஏரிக்குக் கீழே அரைக்காணிக் கொல்லையில் கீரை போடுகிறவர் வேம்புலியம்மாள். விடியற்காலை ரயிலில் பட்டணம் போய்ப் பத்து வீடுகளுக்கு வாடிக்கையாகக் கொடுப்பார். தினம் கீரை, பணம் மொத்தமாகப் பொங்கலுக்கு. எழுத்து எதுவும் கிடையாது. ஒரு வீட்டார் ஒருநாள் வாங்கிச் சமைத்துவிட்டால் அன்று முதல் வாடிக்கை.

போன வருஷம், 1938-இல், அவர் மகள் சொர்ணத்துக்குப் பட்டணத்துப் பெண்கள் காலேஜில் இடம் கிடைத்தது. படிப்புச் சம்பளத்தைச் சர்க்கார் தள்ளுபடி செய்தது. விடுதிச் சம்பளத்துக்குத்தான் வழியில்லை. சேரும் நாளில் கட்டாவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

அன்று வேம்புலியம்மாள் மகளை ஆபீஸ் வாசலில் உட்காரவைத்துவிட்டு, விடுதிப் பின்கட்டுக்குப் போய்ச் சமையல்காரரிடம் ஒரு கூடைக் கீரையை இறக்கினார். காய்கறிக் காண்டிராக்டர் அனுப்பியது என்று நினைத்து அவர் சமைத்துவிட்டார். பெண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு வேம்புலியம்மாள் ஆபீசுக்கு வந்தார்.

"பணம் எங்கம்மா?" என்றார் குமாஸ்தா அய்யாசாமி.

"உங்க பொண்ணுங்க இப்பதானே துன்னுச்சுங்க? வாடிக்கை ஆய்ப்போச்சு சாமி. சம்பளத்தைக் கீரைக் கணக்குல கழிச்சிக்கோ. இன்னும் இன்னா பணம்?"

"இது காலேஜும்மா, கொத்தவால் சாவடி இல்ல!"

"சாவடின்னா நான் வெலை சொல்லிகினு இருப்பேனே."

சொர்ணம் கூனிக்குறுகிப் போனாள். "யம்மா, ஊட்டுக்குப் போலாம் வா."

"சொம்மா கெட."

சத்தம் கேட்டு விடுதித் தலைவி வந்தார். நடந்ததைக் கேட்டதும், "அதான் இன்னிக்குக் கீரையில மண்ணே இல்லையா?" என்றார். "சரி, மழைக்காலத்துல என்ன பண்ணுவீங்க?"

"கொல்லை முழுகிப்பூடும். மேட்டுல முருங்கை கீது, கருணைக்கெழங்கு கீது."

"உங்களுக்குச் சரின்னு சொல்லிட்டா, நாளைக்கு எல்லாரும் கூடையைத் தூக்கிட்டு வருவாங்களே?"

"வரட்டும் தாயி! நூறு பொண்ணுங்களுக்கு ஒலை வெக்கிறீங்க. சாமான் வாணாவா?"

தலைவி சிரித்துவிட்டார். பொங்கல் வரை பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். சொர்ணம் அன்றிரவு விடுதியில் படுத்தாள். மழையில் ஒருநாள்கூடக் கூடை நிற்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு அந்தச் சீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜமீன்தார் பணம் கொடுத்தால் காலேஜ் சுவரில் கல் பதிக்கிறார்கள். வேம்புலியம்மாளுக்குக் கல் கிடையாது. ஆனால் இனிமேல் காலேஜுகள் இவரைப் போன்றவர்களால்தான் நடக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த ஜூனில் விடுதிக்கு நல்ல அரிசி வேண்டுமாம். நெல் விளைகிற வீட்டில் பரீட்சை தேறிய பெண் யாராவது உண்டா என்று வேம்புலியம்மாள் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்.